பிள்ளைகளுடன் ஆற்றில் ட்ரவுட் மீன்பிடித்தல்

டென்மார்க்கின் மிக நீளமான ஆறாகிய குதெனோவிலும் யூலாந்தின் ஏனைய பல ஆறுகளிலும் ட்ரவுட் மீன்கள் வாழ்கின்றன. இறகாலும் நூலாலும் பூச்சிபோல் கட்டிய தூண்டிலால் அவற்றைப் பிடிக்கப் பிள்ளைகளும் பழகலாம்.

18 வயது முதல் ஓய்வூதிய வயது வரையுள்ளோர் ‘பிஸ்கெதைன்’ எனப்படும் அரச அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். அக்கட்டணம் மீன்வளப் பராமரிப்புக்குப் பயன்படுகிறது. 18 வயதுக்குட்பட்டோருக்கு அது தேவையில்லை. எனினும், ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை கரைநில உரிமையாளருக்குரியது. பல இடங்களில் உள்ளூர் மீன்பிடிச் சங்கங்கள் அதனைக் குத்தகைக்குப் பெற்றுள்ளன. ஆகவே, பிள்ளைகளுக்கும் அவ்விடத்து அனுமதி அவசியம்.

மீன்கள் முட்டையிடும் குளிர்காலத்தில் தடைக்காலம் உண்டு. விதிக்கப்பட்ட நீளத்தை எட்டாத மீனை, நனைத்த கையால் பிடித்து உடனே ஆற்றில் விட வேண்டும். கரையில் நிற்கும் பிள்ளைகளுக்கு மிதவை அங்கி அணிவித்தல் நன்று.