ஒரே உலை, ஒரே கல்லறை... ஓகேவா?

தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி எம்.சி.சி. கேட்டுக்குள்ள நுழையற ஃப்ரெண்ட்ஸ், ஒரு விஷயம் தெரியுமா? நீங்க மான் பார்க்கிற அதே கேம்பஸுக்கு 1938 டிசம்பர்ல தென்னாப்பிரிக்காவுல இருந்து ஒருத்தர் வந்திருந்தார். பேரு ஆல்பர்ட் லுதுலி. பல நாட்டுத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு அது. கறுப்பர்னா தனி இடம், தனி வரிசைன்னு ஒதுக்கிவெச்ச நாட்டிலிருந்து வந்த மனுஷன், பின்னாடி 1952-ல ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்குத் தலைவரானார். 1960-க்கான அமைதி நோபல் பரிசும் வாங்கினார்.

கேட்கவே பெருமையா இருக்குல்ல? நிறவெறின்னா நாம எல்லாருமே லுதுலி கட்சிதான். ஆனா, நம்ம ஊர் சர்ச்சுல தனி இடமும் தனி வரிசையும் எதை வெச்சு வருது? சாதியை வெச்சு.

இது புதுசும் இல்ல. சபைக்குள்ள சாதி வித்தியாசமே கூடாதுன்னு 1833-லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கறாரா கடிதம் எழுதிட்டார். தஞ்சாவூர் பக்கம் நிறைய பேர் என்ன செஞ்சாங்க தெரியுமா? சாதியை விடலை, சபையை விட்டுட்டுப் போனாங்க! திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல செத்தவங்களுக்கு நடுவுலயே சுவர். உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர்ல தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டாங்க. 2008 மார்ச்ல அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 2 பேர் செத்தாங்க. எல்லாம் ஒரே சாமியைக் கும்பிடறவங்க நடுவுலதான்.

இன்னொரு சிக்கலையும் கவனிங்க. மதம் மாறினதால தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து கிடையாதுன்னு சொல்லுது 1950-ம் வருஷ ஜனாதிபதி ஆணை. 1956-ல சீக்கியர்களையும் 1990-ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க, இவங்களைச் சேர்க்கலை. சபைகள் இதுக்காகப் போராடுறது நூத்துக்கு நூறு நியாயம். ஆனா, 'உங்க மதத்துலதான் சாதி இல்லையே'ன்னு கேட்டா, 'இருக்கு'ன்னு முதல்ல ஒத்துக்கணுமே? கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு எழுத்துலயே ஒத்துக்கிச்சு. தாமதம்தான், இருந்தாலும் தைரியம்.

ஒத்துக்கிட்டாச்சு, அப்புறம்? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில வாத்தியாரா இருந்த தியாபிலஸ் அப்பாவு (2005-ல காலமானார்) ஒரு வழி காட்டினார். அவரோட இன்னொரு பேரு பரட்டை. 'தீட்டு'ன்னு ஒதுக்கின பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள்ள கொண்டுவந்தவர். 'ஒரு உலை'ன்னு ஒரு சிந்தனையையும் முன்வெச்சார். எல்லாரும் ஒரே உலையில சமைச்சு, சேர்ந்து சாப்பிடறது. சாதி குடியிருக்கிறதே சமையல்கட்டுலதானே, அதனால அங்கேயே கைவைக்கிறார்.

இப்ப உங்க ஏரியாவுக்கு வருவோம். குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் சர்ச்சுகள்ல பாதிப் பேர் வெளியூர்க்காரங்க. இங்கே சுவர் கட்டமாட்டாங்க. ரொம்ப டீசன்ட்டா 'தம்பிக்கு எந்த ஊரு?'ன்னு கேட்பாங்க. ஊரைச் சொன்னா தெரு, தெருவைச் சொன்னா... புரியுதுல்ல? ஞாயித்துக்கிழமை மணமக்கள் விளம்பரத்தைப் புரட்டுங்க. சபை பேருக்குப் பக்கத்துலயே சாதி பேரும் ஜோடியா உட்கார்ந்திருக்கும்.

யூத் மீட்டிங்ல கிடார் வாசிக்கிறது நல்ல விஷயம்தான். வாசிச்சு முடிச்சதும் சில கேள்விகளையும் கேளுங்க பாஸ். பாஸ்டரேட் கமிட்டியில, பங்குப் பேரவையில யார் யார் இருக்காங்க? சபை நடத்துற ஸ்கூல்ல வேலை யாருக்குக் கிடைக்குது? கல்லறையில இடம் எப்படிப் பிரிக்கறாங்க? பெரியவங்க முறைப்பாங்க. 'படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?'ன்னு அட்வைஸ் வரும். 'கணக்கைக் கொஞ்சம் காட்டுங்க அங்கிள்'னு மரியாதையா மறுபடியும் கேளுங்க.

அப்புறம், உங்க சபையில அடுத்த தடவை அசனம் நடக்கும்போது கேட்டரிங்கை கேன்சல் பண்ணச் சொல்லுங்க. வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்கி, ஒரே அண்டாவுல உலை வைங்க. கரண்டி யார் கையில இருக்கணும்னு மட்டும் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்க!