காலியான தொட்டியும் காவல் கிணறுகளும்

ஹவாயின் ஹொனலூலு நகரையொட்டி ரெட் ஹில் என்றொரு மலைமுகடு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை அதைக் குடைந்து, 250 அடி உயரமும் 100 அடி விட்டமும் கொண்ட 20 எரிபொருள் தொட்டிகளை உள்ளே கட்டியது. தொட்டிகளின் அடிப்பாகத்துக்கும் கீழே உள்ள நிலத்தடி நீருக்கும் இடையில் சுமார் 100 அடிப் பாறைதான். கடற்படைக் குடியிருப்புகளும் நகரமும் நம்பியிருந்தது அந்த நீரைத்தான்.

2014 ஜனவரியில் ஒரு தொட்டியிலிருந்து ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் விமான எரிபொருள் கசிந்தது. அந்த எச்சரிக்கை போதவில்லை. 2021 நவம்பர் 20 அன்று சுரங்கத்துக்குள் மீண்டும் எரிபொருள் கொட்டியது. அந்த மாதக் கடைசியில், வீட்டுக் குழாய்த் தண்ணீரில் எண்ணெய் வாடை அடிப்பதாகக் குடியிருப்புவாசிகள் புகார் செய்தார்கள். சுமார் 93,000 பேருக்குத் தண்ணீர் கொடுத்த விநியோக அமைப்பு அது. வாந்தி, தலைவலி, தோல் அரிப்பு என்று பலரும் அவதிப்பட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஹோட்டல்களில் தங்க நேர்ந்தது. நகரக் குடிநீர் வாரியம் பக்கத்திலிருந்த தன் ஹலாவா நீரேற்று நிலையத்தை முன்னெச்சரிக்கையாக மூடிவிட்டது.

சமையலறைக் குழாயில் வாடை தெரிந்த பிறகுதான் ஊருக்குச் செய்தி தெரிகிறது என்றால், கண்காணிப்பு தோற்றுவிட்டது என்றே பொருள்.

2022 மார்ச்சில் அந்தக் கிடங்கை நிரந்தரமாக மூட உத்தரவு வந்தது. பிறகு தொட்டிகளிலிருந்து எரிபொருளை வெளியேற்றினார்கள். ஆனால் தரைக்குள் போனது அங்கேயே இருக்கிறது. இது ரெட் ஹில்லுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. மூடப்பட்ட எந்தப் பெட்ரோல் பங்க்கின் அடியிலும் நேரக்கூடியது. பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசானவை; நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். மழைக்கு நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயும் ஏறி மண்ணில் ஒட்டும். கோடையில் இறங்கும்போது ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். அடுத்த மழையில் அதிலிருந்து பென்சீன் போன்ற பொருள்கள் கரைந்து, நிலத்தடி நீர் போகும் திசையில் நகரும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதனால் ஒரு தடவை பரிசோதனையில் ‘சுத்தம்’ என்று வந்தால் அதை நம்பிக் கோப்பை மூடிவிட முடியாது.

அதற்காகத்தான் கண்காணிப்புக் கிணறுகள். பெரும்பாலும் 2 அங்குல பி.வி.சி. குழாய், நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரத்தில் மட்டும் மெல்லிய பிளவுகள், சுற்றிலும் மணல். மேலிருந்து மழைநீர் இறங்காதபடி களிமண்ணாலும் சிமெண்டாலும் அடைப்பு, மேலே பூட்டு. குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்பிட்டால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணிக்க முடியும். தொட்டிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவில் இருக்கும் கிணறுதான் முக்கியமான காவல்.

மாதிரி எடுப்பது நிதானம் கேட்கும் வேலை. குழாயில் தேங்கிய நீரை முதலில் இறைத்துவிட்டு, வெப்பநிலையும் அமிலத்தன்மையும் நிலைப்படும்வரை காத்திருப்பார்கள். பிறகு 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் விளிம்புக்கு மேல் தண்ணீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி மூடுவார்கள். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழ் தெரிந்தால் வேறு மாதிரி எடுக்க வேண்டும். பென்சீன் ஆவியாகிக் குமிழுக்குள் போய்விட்டால், ஆய்வகம் உண்மையைவிடக் குறைவான அளவையே சொல்லும். சரியாக நிரம்பிய குப்பி ஐஸ் பெட்டிக்குள் போகும்.

இப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பல ஆண்டுகள். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் பென்சீனை மெல்லச் சிதைக்கும். அது உண்மையில் நடக்கிறதா என்பதைத் தொடர்ந்த அளவீடுதான் காட்டும். அமெரிக்காவில் பெட்ரோலில் முன்பு கலக்கப்பட்ட எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் அவ்வளவு எளிதில் சிதையாது, தண்ணீரோடு வெகுதூரம் போகும். 1996இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை மூடி, வெளியிலிருந்து தண்ணீர் வாங்க வேண்டி வந்ததற்கு அதுதான் காரணம்.

சென்னைக்கும் இந்த அனுபவம் உண்டு. 2013இல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல்களில் டீசல் வந்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் பென்சீன் இருக்கக் கூடாது. இவ்வளவு சிறிய அளவை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. எனவே பெட்ரோல் பங்க் இருக்கும் அல்லது முன்பு இருந்த இடத்துக்கு அருகில் கிணற்று நீரைப் புழங்குபவர்கள், வழக்கமான உப்புப் பரிசோதனையோடு பென்சீன் பரிசோதனையும் கேளுங்கள். வாடை வந்தால் அந்த நீரைக் காய்ச்சவும் வேண்டாம், குளிக்கவும் வேண்டாம். சூட்டில் பென்சீன் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உடனே எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.