உங்களுக்குத் தெரியுமா? – கலப்பினச் செம்மறி

கறிக்குப் பேர்போன டார்ப்பர் செம்மறி, கலப்பில் பிறந்த இனம். 1930களில் தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்தின் டார்செட் ஹார்ன் கிடாவையும், சோமாலியா வழி வந்த கருந்தலைப் பெர்சியன் பெட்டையையும் இணைத்து உருவாக்கினார்கள். சதைப்பிடிப்பு அப்பன் வழி, வறட்சியைத் தாங்கும் உடம்பு ஆத்தா வழி. மேய்ச்சல் நன்றாக இருந்தால் நான்கு மாதத்துக்குள் குட்டி 36 கிலோவைத் தொட்டுவிடும்.

அந்த டார்ப்பர் கிடாக்கள் கென்யாவின் மாசாய் மேய்ப்பர்களிடமும் போய்ச் சேர்ந்தன. அவர்களுடைய சிவப்பு மாசாய் ஆட்டுக்குச் சின்ன உடம்பு, மெதுவான வளர்ச்சி. கலப்புக் குட்டிகளோ மளமளவென்று தேறின. ஆனால் ஈரமான மேய்ச்சல் நிலத்தில் ஒரு எமன் இருக்கிறது: இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. ஆட்டுக்குச் சோகை பிடிக்கும், தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும், கடைசியில் செத்துப்போகும். சிவப்பு மாசாய் இந்தப் புழுவை எதிர்த்து நிற்கும். டார்ப்பருக்கு அந்தத் திறன் குறைவு. 1990களில் பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், கென்யக் கடலோரத்தில் டயானி என்ற இடத்தில் இரண்டு இனங்களையும் வளர்த்து, வருடக்கணக்கில் கவனித்தார்கள். குட்டிச் சாவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், அங்கே மந்தைக்கு லாபம் தந்தது சின்னச் சிவப்பு ஆடுதான். அதற்குள் கலப்பு பரவி, கலப்பில்லாத சிவப்பு மாசாய் அருகிவிட்டது. இது என்னை மிகவும் வருத்துகிறது. குட்டியின் எடையை மட்டும் பார்த்துக் கிடா வாங்கும்போது, செத்த குட்டிகள் யார் கணக்கிலும் வருவதில்லை.

இரண்டு இனங்கள் கலக்கும்போது கிடைக்கும் கூடுதல் வீரியம், முதல் தலைமுறைக் குட்டியில்தான் முழுதாக இருக்கும். அந்தக் கலப்புகளையே தமக்குள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் அது பாதியாகிவிடும். ஆகவே ஆண்டுதோறும் முதல் கலப்புக் குட்டி வேண்டுமென்றால், நாட்டுப் பெட்டை மந்தை ஒன்று கலப்பில்லாமல் எங்காவது இருந்தே ஆக வேண்டும்.

இங்கிலாந்துக்காரர்கள் இதை ஒழுங்காகவே செய்கிறார்கள். வடக்கு மலைகளில் ஸ்வேல்டேல் ஆடு தூய இனமாகப் பெருகுகிறது. அந்தப் பெட்டைகளில் ஒரு பகுதியை புளூஃபேஸ்டு லெஸ்டர் கிடாவுடன் சேர்த்தால் பிறப்பது ‘மியூல்’. நிறையப் பால், நல்ல தாய்மை. மியூலுக்கு டெக்செல் அல்லது சஃபோக் கிடா. அந்தக் குட்டிகள் பெரும்பாலும் கறிக்கே போகும்.

கலப்பே இல்லாமல், ஒரே ஒரு மரபணு மாற்றத்தாலும் சதை கூடுவதுண்டு. 1983இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், பின்தொடை அசாதாரணமாகப் புடைத்த டார்செட் கிடா ஒன்று பிறந்தது. பெயர் ‘சாலிட் கோல்டு’. அதன் மரபணு மாற்றம் அப்பனிடமிருந்து மட்டும் வந்தால்தான் குட்டியில் வேலை செய்யும். இருவரிடமிருந்தும் வந்தால் செய்யாது! சதை ஏராளம், கறியோ ரப்பர் போல் கடினம்.

குட்டியின் எடையைக் கூட்டுவதற்குப் பதில் குட்டிகளையே கூட்டினால்? மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் நிறுவனம் அந்த வழியில் போனது. சுந்தரவனத்தின் குள்ளமான கரோல் செம்மறியில் இரட்டைக் குட்டி தரும் மரபணு இருக்கிறது. அதைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து, கரோலின் சின்ன உடம்பைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்து, ‘நாரி சுவர்ணா’வை உருவாக்கினார்கள்.