காந்தத்தால் மீளும் வினையூக்கி: ஆலைக்கு வருமா?

புனே: மருந்து, சாயத் தொழிற்சாலைகளின் கழிவைக் குறைக்க வல்ல காந்த நானோ வினையூக்கிகள் ஆய்வுக்கூடத்தில் தங்கள் திறனை நிரூபித்துள்ளன. அவற்றை ஆலைக்குக் கொண்டுசெல்வதே எஞ்சியுள்ள சவால்.

புனேயின் புறநகரான வாகட்டை ஒட்டி முளா ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அப்பால், சில கிலோமீட்டர் தொலைவில் பாஷாணில் உள்ளது 1950-ல் தொடங்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம். வினையூக்கி ஆய்வுக்குப் பெயர்பெற்ற இதன் இயக்குநராக 1995 முதல் 2002 வரை இருந்தவர் தமிழரான பால் ரத்தினசாமி.

வினையூக்கி வேதிவினையை விரைவுபடுத்தும், தான் செலவாகாது. ஆனால், வினை முடிந்ததும் கரைசலில் இருந்து அதைப் பிரிப்பது கடினம். பிரிக்க இயலாதது கழிவோடு கலக்கிறது. ஒரு கிலோ மருந்துப் பொருளைத் தயாரிக்கையில் 25 முதல் 100 கிலோவுக்கும் மேல் கழிவு உருவாவதாக வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-ல் கணக்கிட்டார். கரைப்பான்களும் உப்புகளுமே இதில் பெரும்பகுதி.

இதற்கு ஒரு தீர்வு இரும்பு ஆக்ஸைடு நானோ துகள்கள். இவற்றின் மீது சிலிக்கா உறையிட்டு, அதில் பல்லேடியம் போன்ற உலோகத்தைப் பிணைக்கின்றனர். வினை முடிந்ததும் குடுவையின் வெளிப்புறம் காந்தத்தை வைத்தால், துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும், விளைபொருளை வடித்துவிடலாம். காந்தத்தை அகற்றியதும் துகள்கள் காந்தத்தன்மையை இழந்து மீண்டும் பரவும். கழுவி, அடுத்த வினைக்குப் பயன்படுத்தலாம். வடிகட்டலும் அதற்கான கரைப்பானும் மிச்சம்.

பல்லேடியத்தை ரஷியாவும் தென்னாப்பிரிக்காவுமே பெருமளவில் உற்பத்தி செய்கின்றன. விலையுயர்ந்த அந்த உலோகமின்றியும் வழி உண்டு. விவேக் பொல்ஷெட்டிவாரும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராஜேந்தர் வர்மாவும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பணியாற்றியபோது, உயிரணுக்களில் காணப்படும் குளூட்டாத்தயோனைக் காந்தத் துகளில் பிணைத்து வினையூக்கியாக்கினர். 2009-ல் இந்த ஆய்வு வெளியானது.

குறைகளும் இல்லாமல் இல்லை. அமிலத்தில் இரும்பு ஆக்ஸைடு கரையும். பலமுறை பயன்படுத்தினால் உலோகம் கசியும். வாய்வழி உட்கொள்ளும் மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் சேரக்கூடாது என்கிறது சர்வதேச வழிகாட்டு நெறி. கிராம் கணக்கில் வென்றது டன் கணக்கில் வெல்லுமா என்பதும் சோதிக்கப்பட வேண்டும்.

கழிவின் சுமையை ஆறும் கரையோர மக்களும் ஏற்கும் வரை பழைய முறையே ஆலைக்கு மலிவானது. அச்சுமை ஆலையின் கணக்கில் சேர்க்கப்படும்போதுதான் புதிய வினையூக்கிக்கு வாசல் திறக்கும். அது வேதியியலர்களின் கையில் இல்லை. சட்டமியற்றுவோர் கையில் உள்ளது.