லாயத்தில் விரிசல் விட்ட தோட்டாக்கள்

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தை நெடுநாள் குழப்பிய புதிர் இது. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்துவிடுவார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களின் பித்தளைக் கூட்டில் விரிசல் ஓடியிருக்கும். யாரும் சுடவில்லை, யாரும் கீழே போடவுமில்லை. 'பருவ விரிசல்' என்று அதற்குப் பெயர் விழுந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-இல் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஒன்று. பித்தளைக்குள்ளேயே ஒளிந்திருந்த இழுவிசை மற்றொன்று.

தோட்டாப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. வட்டத் தகட்டை அச்சுக்குள் மறுபடி மறுபடி அழுத்திக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைக் குழலாக நீட்டி, கடைசியில் கழுத்தை நெருக்குகிறார்கள். உருவம் வந்த பிறகும் உலோகத்தின் ஒரு பகுதி மற்றொன்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஈரக் காற்றில் பித்தளைமேல் மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. அதில் அம்மோனியா கரைந்ததும், காற்றின் ஆக்ஸிஜனும் துணை சேர, செம்பு நீல நிறச் சேர்மமாகக் கரைய ஆரம்பிக்கிறது. உலோகம் நுண்ணிய படிகங்களால் ஆனது. அந்தப் படிகங்கள் ஒட்டும் எல்லைகளைத்தான் அரிப்பு தேடிப் போகிறது. அரிக்கப்பட்ட இடத்தை இழுவிசை பிளக்கிறது, பிளவின் நுனியில் புதிய உலோகம் வெளிப்படுகிறது, அதையும் அம்மோனியா தின்கிறது. தனித்தனியாக இருந்தால் இரண்டாலும் இந்த நாசத்தைச் செய்திருக்க முடியாது. அதனால்தான் தீர்வும் எளிதாக அமைந்தது: வடித்து முடித்த கூட்டைச் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். உறுதி குறையாமல் இழுவிசை மட்டும் தளர்ந்துவிடும்.

இந்தப் பழைய கதை இன்றைக்கும் பயன்படுகிறது. அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடப் பழகுபவர்கள் பலர், சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து மீண்டும் நிரப்புகிறார்கள். சுடும் கணத்தில் கூடு உப்பித் துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. பிறகு சற்றே சுருங்குகிறது. அதை மறுபடி அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகத்தில் புது இழுவிசை ஏறுகிறது. லாயத்துத் தோட்டாக்களின் நிலைதான் இவற்றுக்கும்.

ஆகவே எதைப் போட்டுத் துலக்குகிறோம் என்பது இங்கே மிக முக்கியம். பொடித்த வால்நட் ஓட்டிலோ மக்காச்சோளக் கட்டைத் தூளிலோ கூடுகளைப் போட்டு அதிரவிடுவது ஒரு முறை. தண்ணீர், சோப்பு, மெல்லிய எஃகுக் கம்பித் துண்டுகள், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து உருட்டுவது இன்னொரு முறை. நம் வீட்டில் புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்கும் அதே வேதியியல்தான்: கறுத்த ஆக்சைடை அமிலம் கரைக்கிறது, அடியிலுள்ள உலோகத்தை அநேகமாகத் தொடுவதில்லை. அமிலம் மிஞ்சினாலோ நெடுநேரம் ஊறினாலோ துத்தநாகம் வெளியேறி, பித்தளை இளஞ்சிவப்பாகும். அப்படி ஆன இடத்தில் வலு போயிற்று என்று பொருள். அம்மோனியா கலந்த பாலிஷ் பளபளப்பை வெகு விரைவில் தரும். தோட்டாக் கூட்டுக்கு அது ஆகவே ஆகாது. விரிசல் விட்ட கூட்டிலிருந்து கொதிக்கும் வாயு பீறிட்டால், அது சுடுபவரின் முகத்துக்கு மிக அருகில்.

தூசியிலும் கவனம் வேண்டும். தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்தில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. உலர்முறையில் சலிக்கும்போது பறக்கும் தூசியில் அந்த ஈயமும் கலந்திருக்கும். ஈரமுறையில் அது நீரிலேயே தங்கிவிடும். அந்த நீரிலும் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். அழுக்கு என்று அதைத் தேய்க்க வேண்டியதில்லை. கழுத்தைச் சூடாக்கி இழுவிசையைத் தளர்த்தியதன் தடம் அது.