ரப்பர் பாலின் அம்மோனியா யாருடைய மூச்சில் கலக்கிறது?

தோவாளை என்றதும் பூச்சந்தையே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் தோவாளை வட்டத்தின் மலைப்பகுதியான கீரிப்பாறையில் பரவிக்கிடப்பவை ரப்பர் தோட்டங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் பலர் குமரி மாவட்டத்தின் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். மலையகத் தமிழரில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே, ரப்பரைத் தூய்மையான முறையில் பதப்படுத்துவது குறித்த விவாதம் இம்மக்களின் உடல்நலம் குறித்த விவாதமும் ஆகும்.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். பாக்டீரியாக்கள் பெருகினால் பால் சில மணி நேரத்தில் புளித்து உறைந்துவிடும். அதைத் தடுக்க அம்மோனியா சேர்க்கின்றனர். பின்னர் மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றும்போது, 60 விழுக்காடு ரப்பர் கொண்ட செறிவான பால் ஒருபுறமும், சிறிதளவே ரப்பர் கொண்ட நீர்த்த பால் மறுபுறமும் பிரிகின்றன. கையுறை போன்ற பொருள்கள் செறிவான பாலிலிருந்து உருவாகின்றன. நீர்த்த பாலிலுள்ள ரப்பரை மீட்கப் பொதுவாகக் கந்தக அமிலம் ஊற்றி உறைய வைக்கின்றனர்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. ரப்பரை உறைய வைப்பதற்கு முன்பாக, பாலில் தங்கியுள்ள அம்மோனியாவை அமிலம் நடுநிலையாக்க வேண்டும். ஒரு கிலோ அம்மோனியாவுக்கு ஏறத்தாழ 2.9 கிலோ கந்தக அமிலம் இவ்வாறு செலவாகிறது. விளைவது கழிவுநீரில் கரைந்த அம்மோனியம் சல்பேட். காற்றில்லாத கழிவுக் குட்டைகளில் பாக்டீரியாக்கள் இந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றுகின்றன. மலக்குழிகளில் இறங்கும் நம் மக்களின் உயிரைப் பறிக்கும் அதே நச்சுவாயு இது.

1998இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகிய இருவரும் பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளை வகுத்தனர். கழிவு உருவான பின் அதைத் தூய்மைப்படுத்துவதைவிட, அது உருவாகாமலே தடுப்பது நல்லது என்பது முதல் கோட்பாடு. ரப்பர் பாலுக்கு இதைப் பொருத்தினால் வழிகள் தெளிவாகவே உள்ளன. அமிலம் சேர்க்கும் முன் நீர்த்த பாலிலிருந்து அம்மோனியாவை வெளியேற்றினால் அமிலச் செலவும் சல்பேட்டும் குறையும். ஷீட் தயாரிப்பில் வழக்கமாகப் பயன்படும் பார்மிக் அமிலம் சல்பேட்டை விட்டுச்செல்வதில்லை. மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைகிறது. கழிவுநீரை மூடிய கலன்களில் நொதிக்க வைத்து எரிவாயு பெறலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. அம்மோனியாவைக் காற்றில் ஊதி வெளியேற்றினாலும் அமிலம் மிச்சமாகும். கணக்கேட்டில் அது திறன்மிக்க முறையாகவே தோன்றும். ஆனால் அந்த அம்மோனியா ஆலையில் நிற்பவரின் கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் தாக்கும். வெளியேறும் வாயுவை நீரில் பிடித்து மீண்டும் பயன்படுத்தினால்தான் அது முழுமையான தீர்வாகும். இதைப் போன்றதே பாலைப் பாதுகாக்கும் மற்றொரு முறையும். அம்மோனியாவின் அளவைக் குறைத்து, டி.எம்.டி.டி. என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கின்றனர். நெடி குறைகிறது, ஆயினும் அப்பொருளிலிருந்து புற்றுநோய்க்குக் காரணமாகக் கருதப்படும் நைட்ரோசமைன்கள் உருவாகக்கூடும்.

1992இல் வேதியியலர் ரோஜர் ஷெல்டன் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார்: ஒரு கிலோ பொருளை உருவாக்க எத்தனை கிலோ கழிவு உண்டாகிறது? பயனுள்ள கேள்விதான். எனினும் அக்கழிவை யார் அள்ளுகிறார், யார் சுவாசிக்கிறார் என்பதை அது கேட்பதில்லை. குட்டையில் இறங்க மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கும் வரை, கழிவைத் தடுக்கும் தொழில்நுட்பம் முதலாளிக்கு வீண்செலவாகவே தெரியும். அழுக்கான வேலையைச் சிலர் தலையில் சுமத்தும் சாதி அமைப்பு, அழுக்கான தொழில்முறையையும் இவ்வாறு காப்பாற்றுகிறது.

மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடைகளையும் மலத்தொட்டிகளையும் குறித்தே பேசுகிறது. ஆலைகளின் நச்சுவாயுக் குழிகளுக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு இருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. எந்த அமிலம், எவ்வளவு அம்மோனியா, கழிவு எங்கே போகிறது என்பவற்றைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ளும் உரிமையைச் சங்கங்கள் கோர வேண்டும். வேதியியல் படிக்கும் மாணவர்கள் இக்கணக்கை அவர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும். தொழிலாளியின் மூச்சையும் கணக்கில் கொள்ளும்போதே வேதியியல் பசுமையாகும்.