முழங்கைக்கு எந்த ‘பேட்’ சரி? சீறும் ஆற்றில் கயாக் ஓட்டுபவர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஐந்தருவிப் பாறையில் பாசி வழுக்கி முழங்கையை இடித்துக்கொண்டவர்களுக்கு அந்த வலி மறக்காது. கரண்ட் அடிச்ச மாதிரி சுண்டுவிரல் வரைக்கும் ‘சுரீர்’னு இழுக்கும். குளிக்கப் போன இடத்திலேயே இப்படி என்றால், கவிழ்ந்த படகோடு தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கும்போது அதே அடி விழுந்தால்?

பாறையும் நுரையுமாகப் பாயும் ஆற்றில் கயாக் ஓட்டும் விளையாட்டு நமக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழா ஆறுகளில் மழைக்காலத்தில் நடக்கும் ‘மலபார் ரிவர் ஃபெஸ்டிவல்’ 2013-ல் தொடங்கியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ‘கயாக் கிராஸ்’ முதல் முறையாக இடம்பெற்றது.

இலஞ்சியில் வளர்ந்து, கொச்சியிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் ஒருவர் வார விடுமுறையில் கயாக் பழகக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்து எல்போ பேடைத் தேடுவார். கடையில் கண்ணில் படுவதோ ஸ்கேட்டிங்குக்கும் பைக்குக்கும் செய்தவை. அதில் எது ஆற்றுக்கு ஒத்துவரும்?

முழங்கைக்கு ஏன் தனிப் பாதுகாப்பு?

கயாக்கில் ஓட்டுபவரின் இடுப்புக்குக் கீழே படகுக்குள் இருக்கும். கவிழ்ந்தால் உடனே வெளியே வருவதில்லை. உடலை முன்னால் மடக்கி, துடுப்பை வீசி, படகோடு சேர்ந்து நிமிர வேண்டும். இதற்குப் பெயர் ‘ரோல்’. அந்தச் சில விநாடிகளில் பாறையை எதிர்கொள்வது ஹெல்மெட், தோள், முழங்கை, விரல் மூட்டுகள்.

இதில் முழங்கை முனைக்கு இயற்கையான மெத்தை கிடையாது. எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதை இல்லை, மெல்லிய ஒரு திரவப் பை மட்டும்தான். பக்கத்திலேயே சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு. அடி பலமாக விழுந்து கை மரத்தால் துடுப்பு நழுவும். துடுப்பு போனால் நிமிர்வது கஷ்டம்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. வழிகாட்டியோடு ராஃப்டிங் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும்தான் முக்கியம். ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1, 2-ம் தர ஆறுகளில் பழகும் புதியவர்களுக்குப் பொதுவாக எல்போ பேட் அவசியப்படாது. ஆழம் குறைந்து, பாறை நெருக்கமாக இருக்கும் செங்குத்தான ஓடைகளில் இறங்குபவர்களுக்குத்தான் அது உண்மையில் உதவும்.

பட்ஜெட் குறைவு என்றால் முதல் செலவு ஹெல்மெட்டுக்கு. ‘இ.என். 1385’ என்பது கயாக், ராஃப்டிங் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரக் குறியீடு. பைக் ஹெல்மெட் அதற்கு மாற்று ஆகாது.

கடையில் கிடைப்பவை எப்படி?

ஸ்கேட்டிங் பேட்: மேலே கெட்டி பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். பாறையில் பட்டால் மாட்டாமல் சறுக்கிப் போகும், அது நல்லது. ஆனால், சில மாடல்களில் உள்ளே வெறும் ஸ்பாஞ்ச். தண்ணீரைக் குடித்துக் கனமாகி, மணிக்கட்டுப் பக்கம் இறங்கிவிடும்.

பைக் ஜாக்கெட்டின் ஆர்மர்: சாதாரணமாக வளைந்து, அடி விழும்போது மட்டும் இறுகும் வகைகளும் உண்டு. ‘இ.என். 1621-1’ குறியீடு இருந்தால் மோதலைத் தாங்குமா என்று சோதித்தது என்று அர்த்தம். ஆனால், அந்தச் சோதனை சாலை விபத்தை மனதில் வைத்தது. ஆர்மரைத் தனியாகக் கட்டினால் நிற்காது, இறுக்கமான ஸ்லீவ் வேண்டும்.

நியோப்ரீன் ஸ்லீவ் வகை: நீச்சல் உடைத் துணி போல உடலோடு ஒட்டும், முழங்கை முனையில் ஃபோம் வைத்திருப்பார்கள். பெரிய மோதலை முழுசாகத் தாங்காது. ஆனால், சிராய்ப்பைத் தடுக்கும், இடம் மாறாது. ஆரம்பத்தில் பலருக்கு இதுவே போதும்.

கிரிக்கெட் எல்போ கார்டு: பந்து வரும் பக்கத்தை மறைக்கத்தான் அதன் வடிவம். கயாக்குக்கு வேண்டாம்.

வாங்கும் முன் 5 சோதனைகள்

1. பேடைப் போட்டுக்கொண்டு கையை முழுசாக மடக்கி நீட்டுங்கள். துடுப்பு வீசுவது போல 20 முறை செய்யுங்கள். உள்மடிப்பில் அறுத்தால் வேண்டாம்.

2. வீட்டில் நனைத்துப் போட்டுப் பாருங்கள். மேல்கையிலிருந்து கீழே இழுத்தால் நகர்கிறதா? நகர்ந்தால் ஆற்றில் நிச்சயம் கழன்றுவிடும்.

3. நனைத்த பேடைப் பிழியுங்கள். தண்ணீர் கொட்டினால் அது உறிஞ்சும் ஸ்பாஞ்ச். உறிஞ்சாத ஃபோமே சரி.

4. வார் முனை தொங்கக் கூடாது. மரக்கிளையிலோ மீட்புக் கயிற்றிலோ மாட்டினால், பாதுகாக்க வாங்கியதே ஆபத்தாகிவிடும்.

5. ஆற்றில் போடப்போகும் அதே ஜாக்கெட்டோடு போட்டுப் பாருங்கள். விரல் மரத்தால் இறுக்கம் அதிகம்.

தடிமன் பார்த்து வாங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. இடத்தில் நிற்காத தடித்த பேடைவிட, நகராத மெல்லிய பேட் மேல்.

பேட் போட்டும் அடிபட்டால்?

கையை முழுசாக நீட்ட முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். முழங்கை முனை வீங்கிச் சூடாக இருந்தாலோ, மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்தே இருந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சின்னச் சிராய்ப்பையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கேரளத்தில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவும், அதன் கிருமி காயம் வழியாகவும் உடலுக்குள் போகும். ஆற்றில் இறங்கிய சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல், உடம்புவலி வந்தால், ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நம்ம ஊரிலேயே பழகலாமே?

சீசனில் இலஞ்சியை ஒட்டி ஓடும் சிற்றாறு நிரம்பும்போது இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால், மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவனின் உயிரைப் பறித்தது. வெள்ளம் வந்தால் அருவிகளில் குளிக்கத் தடை போடுவதும் இதனால்தான். அங்கே எந்த பேடும் காப்பாற்றாது.

முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சியாளரிடம் ‘ரோல்’ பழகுங்கள். பிறகு மீட்புக் குழு இருக்கும் ஆற்றில், துணையோடு இறங்குங்கள். பாறை நிறைந்த ஓடைக்குப் போகும் அளவுக்குக் கை தேறிய பிறகு, எல்போ பேட் வாங்கிக்கொள்ளலாம்.